வீடியோ கேமில் எடுத்த பொருளுக்குப் பதிவுத்தாள் எங்கே?

தொல்லியல் படிக்க வரும் மாணவர்களில் பலர், அகழாய்வுக் குழியைப் பார்ப்பதற்கு முன்பே வீடியோ கேமில் ஏதோவொரு கல்லறைக்குள் புகுந்து வந்தவர்கள்தான். தொல்லியலாளர் என்றால் சுவரேறிக் குதித்து, பொருளை எடுத்துக்கொண்டு ஓடுபவர் என்ற எண்ணத்தை 1996இல் வந்த டூம் ரெய்டர் முதல் பல விளையாட்டுகள் விதைத்திருக்கின்றன. அதைக் குறை சொல்வதைவிட, அந்த விளையாட்டையே பாடமாக்குவது நல்ல பலன் தருகிறது.

நான் தரும் பயிற்சி எளிது. விளையாட்டில் ஒரு தொல்பொருளை எடுக்கப் போகும் நொடியில் நிறுத்திவிட்டு, களத்தில் நிரப்பும் பதிவுத்தாளை நிரப்ப வேண்டும். எந்த மண்ணடுக்கு? எவ்வளவு ஆழம்? பக்கத்தில் என்னென்ன கிடந்தன? பெரும்பாலான கட்டங்கள் காலியாகவே இருக்கும். விளையாட்டில் தரை உண்டு, மண்ணடுக்கு கிடையாது. பானை மின்னும், அதைச் சுற்றி ஓடோ சாம்பலோ இருக்காது. ஒரு பொருள் எங்கே, எதனோடு கிடந்தது என்பது தெரியாமல் போனால், அது சொல்லக்கூடிய வரலாற்றில் பெரும்பகுதி போய்விடும். காலிக் கட்டங்களைப் பார்க்கும்போது இது மாணவர்களுக்குச் சட்டென்று புரிகிறது. அப்புறம், அந்தப் பொருளை நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோகலாமா என்று அவர்களே கேட்பார்கள். தொல்பொருள் கடத்தலுக்கு எதிரான 1970ஆம் ஆண்டு யுனெஸ்கோ உடன்படிக்கையை அங்கிருந்து தொடங்கலாம்.

அசாசின்ஸ் கிரீட் ஆரிஜின்ஸ் விளையாட்டுக்கு 2018இல் சண்டையே இல்லாத டிஸ்கவரி டூர் வடிவம் வந்தது. தாலமி அரச மரபினர் ஆண்ட கால எகிப்தை நடந்து பார்க்கலாம், அருமையான வாய்ப்பு. ஆனால் அந்த விளையாட்டின் பெரிய பிரமிடுக்குள், பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் ழான் பியேர் ஊடான் முன்வைத்த கருதுகோளையொட்டிய பகுதிகளும் இருக்கின்றன. கற்களை மேலேற்ற பிரமிடுக்குள்ளேயே ஒரு சாய்தளம் இருந்தது என்று அவர் சொல்வதைத் தொல்லியல் உலகம் இன்னும் ஏற்கவில்லை. திரையிலோ சான்றுள்ள கல்லும் ஊகித்த கல்லும் ஒரே மாதிரி தெரிகின்றன. அதனால் விளையாட்டுத் திரையைப் படமெடுத்து அச்சிட்டு, சான்று, ஊகம், கற்பனை மூன்றையும் வெவ்வேறு வண்ணத்தில் குறிக்கச் சொல்கிறேன். ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஆதாரம் தேடி நூலகத்துக்குப் போயே ஆக வேண்டும். இந்த முறையில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

கட்டைகளை அடுக்கிக் கட்டும் விளையாட்டான மைன்கிராஃப்டில் அகழாய்வு வரைபடத்தைக் கொண்டு ஒரு வீட்டை எழுப்பச் சொல்வதும் பயனுள்ளது. வரைபடத்தில் கம்பம் நட்ட குழிகள் மட்டுமே இருக்கும். கூரை எவ்வளவு உயரம், வாசல் எந்தப் பக்கம் என்பதை அவர்களே முடிவுசெய்து காரணம் எழுத வேண்டும். (விளையாட்டுகளே தொல்பொருளாவதும் உண்டு. 1983இல் வீடியோ கேம் நிறுவனமான அட்டாரி அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் ஒரு குப்பைமேட்டில் புதைத்த கேம் கேசட்டுகளை 2014இல் தோண்டியபோது தொல்லியலாளர்களும் அங்கே இருந்தார்கள்.)

கேம் ஆடிப் பழகாதவர்களை மறந்துவிடக் கூடாது. வேகமாகச் சுழலும் திரை சிலருக்குத் தலைச்சுற்றலைத் தரும். இருவரைச் சேர்த்து உட்காரவைத்தால் ஒருவர் இயக்கலாம், மற்றவர் பதியலாம். மதிப்பெண் பதிவுக்கும் வாதத்துக்கும்தான், விளையாட்டுத் திறமைக்கு இல்லை. களப்பயிற்சி நாட்களைக் குறைத்து அந்த இடத்தில் இதை வைக்காதீர்கள். மண்ணின் நிறமும் இறுக்கமும் மாறுவதைக் கைக்கரண்டியால் சுரண்டித்தான் பழக முடியும்.