உறையில் வரும் சம்பளமும் சீட்டில் வரும் சம்பளமும்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் தொழிலாளர்களின் சம்பளத் தகராறுகளைக் கவனிக்கும் ஆலோசகர் நான். சிற்றூரிலிருந்து இங்கு வேலைக்கு வந்தவர்கள் என்னிடம் முதலில் சொல்வது வாரச் சம்பளத் தொகையைத்தான். 2025 குளிர்காலத்தில், நியூகாசில் என்ற சிறு நகரத்திலிருந்து வந்து டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் வசித்த தையல் பெண்ணும் அப்படித்தான் தொடங்கினார். "அக்கா, நியூகாசில் ஃபேக்டரியில 1,300 ரேண்ட்தான். இங்கே 1,500 தர்றாங்க. ஆனா கையில ஒண்ணும் நிக்கல."

அவர் மேசைமேல் வைத்தது, தொகை மட்டும் பென்சிலால் எழுதியிருந்த ஒரு பழுப்பு உறை. நியூகாசிலில் வாரம் 45 மணி நேர வேலை, கையில் சம்பளச் சீட்டு, வேலையின்மைக் காப்பீட்டுக்கு 1 சதவீதப் பிடித்தம், வேலைக்கு நடந்தே போகும் தூரம். ஆகக் கையில் 1,287 ரேண்ட். இங்கு ஒரு வீட்டுக் கராஜில் ஆறு நாளும் ஒன்பது மணி நேரம், தைத்த காலர் கட்டுகளின் எண்ணிக்கைப்படி கூலி. டாக்சிக்கு நாளொன்றுக்கு 44 ரேண்ட் போக மிஞ்சியது 1,236. வாடகையை நாங்கள் இன்னும் தொடவேயில்லை.

1,500-ஐ 54 மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு 27.78 வருகிறது. 2025 மார்ச் 1 முதல் நாடு முழுவதற்குமான குறைந்தபட்சக் கூலி மணிக்கு 28.79 ஆக இருந்தது. கட்டுக் கணக்கில் கூலி கொடுத்தாலும் இந்த அளவுக்குக் கீழே போகக் கூடாது. 45 மணி நேரத்துக்கு மேற்பட்ட வேலைக்கு ஒன்றரை மடங்கு தர வேண்டும். அப்படிப் பார்த்தால் குறைந்தபட்சக் கணக்கிலேயே அவருக்கு வாரம் 1,684 ரேண்ட் சேர்ந்திருக்க வேண்டும்.

பெருநகரம் கூடுதல் கூலி தரும் என்பது பொய்யல்ல. தொழிற்சாலைகளும் உதிரிப்பொருள் கடைகளும் தேர்ந்த கைகளும் ஒரே இடத்தில் குவியும்போது ஒருவரின் உழைப்பிலிருந்து கிடைக்கும் விளைவு கூடுகிறது. துணி வெட்டும் நல்ல கட்டரையோ தைக்கும் மெஷினிஸ்டையோ அடுத்த தெரு முதலாளி இழுத்துக்கொள்வார் என்ற பயத்திலும் சம்பளம் ஏறுகிறது. முதலாளிகளும் தொழிற்சங்கமும் சேர்ந்து கூலியை முடிவு செய்யும் ஆடைத் தொழிலின் கூட்டுப் பேரப் பேரவை இதை விதியாகவே எழுதி வைத்திருக்கிறது: டர்பன், கேப் டவுன் போன்ற மாநகரப் பகுதிகளுக்கு ஒரு விகிதம், நியூகாசில் போன்ற இடங்களுக்கு அதைவிடக் குறைந்த விகிதம். அந்தக் குறைந்த விகிதத்தையும் கொடுக்க முடியாதென்று 2010-இல் நியூகாசில் முதலாளிகள் பலர் ஆலைகளைப் பூட்டினார்கள்.

ஆனால் இந்த ஏற்றம் பதிவுள்ள வேலையோடு நின்றுவிடுகிறது. பதிவில்லாத கராஜில் விலையைத் தீர்மானிப்பது ஆர்டரைப் பிரித்துக் கொடுக்கும் இடைத்தரகர்தான். ஒருவர் மறுத்தால் வாசலில் பத்துப் பேர் நிற்கிறார்கள். ஊர் பெரிதாகப் பெரிதாக அந்த வரிசையும் நீள்கிறது. டர்பனின் வார்விக் சந்திப்பில் கீரையும் மிளகாயும் விற்பவர்களின் நிலை வேறு என்பதையும் சொல்ல வேண்டும்; அவர்களுக்கு நாள்தோறும் அந்த வழியாகப் போகும் லட்சக்கணக்கான பயணிகளின் கூட்டமே மூலதனம், அந்தக் கூட்டம் சிற்றூரில் கிடைக்காது. எனவே முறைசாரா வேலை எல்லாவற்றையும் ஒரே தராசில் நிறுப்பதை நான் ஏற்பதில்லை.

இடம் மாறும் எண்ணம் உள்ளவர்கள் தொகையைக் கேட்பதற்கு முன் சம்பளச் சீட்டு உண்டா என்று கேளுங்கள். மாதம் 24 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்பவருக்குச் சீட்டுக் கொடுப்பது முதலாளியின் கடமை. வேலையின்மைக் காப்பீட்டுக்கு அவர் தம் பங்காக இன்னொரு 1 சதவீதம் கட்ட வேண்டும். டாக்சிப் படி, சாப்பாட்டுப் படி, போனஸ் ஆகியவற்றைக் குறைந்தபட்சக் கூலியில் சேர்த்துக் காட்ட அவருக்கு உரிமையில்லை.

அந்தப் பெண்ணிடம் சீட்டு இல்லை. ஆனால் தினமும் தைத்த கட்டுகளை, வந்த நேரம் போன நேரத்தோடு, மகளின் பழைய பள்ளி நோட்டில் குறித்து வைத்திருந்தார். தொழிலாளர் தகராறுகளைத் தீர்க்கும் சமரச ஆணையத்தில் மனுக் கொடுக்கக் கட்டணம் இல்லை. மனுவோடு அந்த நோட்டின் பதினொரு பக்கங்களையும் நகலெடுத்து இணைத்தோம்.