காற்று குறைந்த புளோயருக்குத் திருகாணி மருந்தல்ல

மாசி, பங்குனியில் வேம்பு இலை உதிர்க்கத் தொடங்கியதும் பாளையங்கோட்டைப் பள்ளி வளாகங்களிலிருந்தும், அம்பாசமுத்திரம் பக்கத்துத் தோட்ட வீடுகளிலிருந்தும் சருகை ஊதித் தள்ளும் பெட்ரோல் புளோயர்கள் எங்கள் பணிமனைக்கு வரத் தொடங்கும். சொல்லப்படும் குறை பெரும்பாலும் ஒன்றுதான்: முன்பு போலக் காற்று இல்லை. கூடவே ஒரு வேண்டுகோளும் வரும், பெட்ரோலையும் காற்றையும் கலந்து தரும் கார்புரேட்டரின் திருகாணியைச் சற்றுத் திருப்பி வேகத்தைக் கூட்டித் தர வேண்டும் என்று. அதற்கு மட்டும் நான் இசைவதில்லை.

கையில் பிடித்து இயக்கும் புளோயர்களில் பல, 25 முதல் 28 சிசி வரையுள்ள டூ-ஸ்ட்ரோக் என்ஜின் கொண்டவை. இவற்றில் பிஸ்டனுக்குத் தேவையான ஆயில் தனியாக வருவதில்லை. பெட்ரோலோடு கலந்தே உள்ளே போகிறது. திருகாணியை இறுக்கிப் பெட்ரோலைக் குறைத்தால் சுழற்சி கூடும், சத்தமும் கூர்மையாகும், உரிமையாளருக்கும் மகிழ்ச்சியாக இருக்கும். ஆனால் அதே நேரத்தில் ஆயிலும் குறைந்து சூடும் ஏறிக்கொண்டிருக்கும். இப்படி ஓடிய என்ஜினின் சைலன்சரைக் கழற்றி, புகை வெளியேறும் துளை வழியாகப் பார்த்தால், வழவழப்பாக இருக்க வேண்டிய பிஸ்டன் பக்கத்தில் ஆணியால் மேலும் கீழும் கீறியது போன்ற கோடுகள் தெரியும். அதன் பிறகு பிஸ்டன், ரிங் செலவோடு முடிந்தால் நல்லது. சிலிண்டரும் போயிருந்தால் புது இயந்திரமே வாங்கிவிடலாம்.

எனவே முதலில் சத்தத்தைக் கவனியுங்கள். இலையும் பாலித்தீன் தாளும் காற்று இழுக்கும் வலையில் ஒட்டிக்கொண்டால் விசிறி தள்ளும் காற்றின் அளவு குறைகிறது. என்ஜினுக்குச் சுமையும் குறைவதால் அது வழக்கத்தைவிட வேகமாகக் கீச்சிடும். சத்தம் கூடிக் காற்று குறைந்தால் குறை விசிறிப் பக்கம். சத்தமே மங்கிக் காற்றும் குறைந்தால் என்ஜின் பக்கம். பலர் இந்த முதல் வகையையும் என்ஜின் கோளாறு என்றே எண்ணி வருகிறார்கள். வலையைத் துடைத்து, விசிறி இதழ்களில் படிந்த மண்ணைச் சுரண்டினாலே போதும்; ஆனால் உள்ளே கையை நுழைக்கும் முன் ஸ்பார்க் பிளக் தொப்பியைக் கழற்றிவிட வேண்டும்.

என்ஜின் பக்கத்தில் முதல் சந்தேகம் காற்று ஃபில்டர் மீதே. திசையன்விளை பக்கத்துத் தேரிச் செம்மணல் மாவு போல மென்மையானது. ஆனி, ஆடிக் காற்றில் அது புகாத இடமில்லை. ஃபில்டரை எடுத்த பின் கார்புரேட்டர் வாயை விரலால் தடவிப் பாருங்கள். செந்தூள் ஒட்டினால், ஃபில்டர் கிழிந்திருக்கிறது அல்லது சரியாக உட்காரவில்லை. ஸ்பான்ஜ் ஃபில்டரைச் சோப்பு நீரில் அலசி, நன்றாகக் காயவைத்து மாட்டலாம். காகித ஃபில்டரை மாற்றுவதே முறை.

அடுத்தது சைலன்சர். பல மாடல்களில் அதன் வாயில், தீப்பொறி வெளியே பறக்காமலிருக்க, கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு கம்பி வலை இருக்கும். ஆயில் புகையில் அது கரி பிடித்து அடைபட்டால் எவ்வளவு ஆக்சிலேட்டர் கொடுத்தாலும் வேகம் ஏறாது. கம்பி பிரஷால் தேய்த்து மாட்டுங்கள். வலையைத் தூக்கி எறிந்துவிட்டு ஓட்டுவது சருகுக்குள் தீ வைப்பதற்குச் சமம்.

கரி ஏன் பிடிக்கிறது என்று பார்த்தால், பெரும்பாலும் கண்ணளவுக் கலவைதான் காரணம். கையேடு 50:1 என்றால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி ஆயில், 25:1 என்றால் 40 மில்லி. பாதுகாப்புக்காகக் கூடுதலாக ஊற்றினால் கரிதான் கூடும். ஜாசோ எஃப்டி என்ற ஜப்பானியத் தரக் குறியீடு உள்ள டூ-ஸ்ட்ரோக் ஆயில் கரியைக் குறைக்கும். கார் என்ஜின் ஆயில் இதற்கு ஆகாது. ஆயிலைத் தனியாக ஊற்றும் நான்கு ஸ்ட்ரோக் புளோயர் வைத்திருப்பவர்கள் பெட்ரோலில் ஆயில் கலக்கக் கூடாது.

இப்போது பங்க்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் இருக்கிறது. அது ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் குழாய்களையும் கார்புரேட்டர் சவ்வையும் கெடுக்கும். சில வாரங்கள் ஓட்டப் போவதில்லை என்றால் டேங்கைக் காலி செய்து, மிச்சம் தீரும் வரை திறந்தவெளியில் ஓடவிட்டு வையுங்கள்.

இத்தனைக்கும் பிறகு வலுவில்லை என்றால், ஸ்டார்ட்டர் கயிற்றை மெதுவாக இழுத்துப் பாருங்கள். எதிர்ப்பே இல்லாமல் வழுக்கி வந்தால் ரிங் தேய்ந்திருக்கக்கூடும். சிலிண்டருக்குள் ஏற்படும் அழுத்தத்தை, அதாவது கம்ப்ரஷனை, பணிமனையில் அளந்து பார்க்க வேண்டும். அப்படிக் கொண்டு வரும்போது, கலந்து வைத்திருக்கும் பெட்ரோலில் சிறிதளவைக் கண்ணாடிக் குப்பியில் எடுத்து வாருங்கள். அடியில் நீர் தனியே நிற்கிறதா, ஆயிலின் நிறமே இல்லையா என்று பார்த்துவிட்டுத்தான் நான் ஸ்பேனரை எடுப்பேன்.