பிக்கப் வண்டிக்குச் சின்ன வீல் போடலாமா? சட்டம் பார்ப்பது எதை?

பெரிய டயர் மாட்டி வண்டியைத் தூக்கி ஓட்டினால் பிடிப்பார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். சின்னதாக மாற்றினால் யார் கேட்கப் போகிறார்கள் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். மாற்ற நினைப்பதில் நியாயமும் இருக்கிறது. 18 அங்குல வீலுக்கு டயர் விலை அதிகம். 16 அங்குலத்தில் டயரின் பக்கச் சுவர் உயரமாக இருக்கும், குழியில் இறங்கினால் அடி குறைவாகத் தெரியும். மொத்த டயரே சிறுத்தால் பின் தொட்டி தாழ்ந்து, மூட்டை ஏற்றுகிறவருக்கு இடுப்பு தப்பும்.

ஆனால் சட்டத்துக்குப் பெரிசு, சின்னது என்ற பேதம் கிடையாது. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 சொல்வது இதுதான்: ஆர்.சி.யில் (பதிவுச் சான்றிதழில்) உள்ள விவரங்கள், தயாரிப்பாளர் முதலில் குறித்த விவரங்களிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதி செய்தது.

மஞ்சள் போர்டு (வாடகை, சரக்கு) வண்டிக்காரர்கள் அதிகம் கவனிக்க வேண்டியது பிரிவு 58. அதைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை. போக்குவரத்து வாகனத்தைப் பதிவு செய்யும்போது வெற்று எடை, பாரத்தோடு சேர்ந்த மொத்த எடை, அச்சு எடை ஆகியவற்றோடு ஒவ்வொரு வீலிலும் உள்ள டயரின் எண்ணிக்கை, வகை, அளவு எல்லாம் பதிவேட்டில் ஏற வேண்டும் என்கிறது அது. டயர் அளவு மாறி, அதனால் அந்த எடைகள் பொருந்தாமல் போனால், பதிவு அதிகாரி புதிய எடையைக் குறிக்க வேண்டும். அதாவது தாங்கும் சக்தி குறைந்த டயர் போட்டால் நீங்கள் ஏற்றக்கூடிய பாரமும் காகிதத்தில் குறையலாம். நேற்று வரை சரியாக இருந்த லோடு, இன்று ஓவர்லோடு. அதற்குப் பிரிவு 194-ல் 20,000 ரூபாய் அபராதம், கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000 தனி.

இந்தத் தாங்கும் சக்தியை நீங்களே பார்த்துக்கொள்ளலாம். டயர் பக்கவாட்டில் அளவை அடுத்து ஓர் எண் இருக்கும். 100 என்றால் அந்த டயர் 800 கிலோ தாங்கும், 104 என்றால் 900, 108 என்றால் 1,000. பின் அச்சில் இரண்டு டயர்தான் என்றால் 108 போட்ட வண்டி 2,000 கிலோ தாங்கும், 100 போட்டால் 1,600 தான். கடைக்காரர் ‘ஒரே மாதிரிதான் அண்ணா’ என்று சொல்லும்போது இந்த எண்ணைக் காட்டிக் கேளுங்கள்.

அப்புறம் ஸ்பீடோமீட்டர். வண்டியோடு வந்தது 255/60 ஆர்18 டயர் (கடைசி எண்தான் ரிம் அங்குலம்) என்று வைத்துக்கொள்வோம். அதன் மொத்த உயரம் சுமார் 763 மில்லிமீட்டர். 245/70 ஆர்16 என்றால் 749. வித்தியாசம் இரண்டு சதவீதம்கூட இல்லை, ஓட்டும்போது தெரியாது. அதுவே 215/75 ஆர்15 போட்டால் 703 தான். முள் 60 காட்டும்போது வண்டி 55-ல்தான் போகும், தரை இடைவெளி மூன்று சென்டிமீட்டர் குறையும். மீட்டரில் கிலோமீட்டரும் உண்மையில் ஓடியதைவிடக் கூடுதலாகக் காட்டும். ‘வீல் மாற்றினேன், மைலேஜ் ஏறிவிட்டது’ என்று சொல்லும் நண்பர்களின் ரகசியம் பெரும்பாலும் இதுதான்.

ஏற்காடு மலைப்பாதையில் ஓட்டுகிறவர்களுக்கு இன்னொன்று. அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு. சின்ன டயர் என்றால் செகண்ட் கியரில் இறங்கும்போது என்ஜின் இழுத்துப் பிடிப்பது கொஞ்சம் கூடும், அது நல்லதே. ஆனால் ரிம் சிறுத்தால் பிரேக்கைச் சுற்றியுள்ள இடம் குறையும். டிஸ்க் பெரிதாக உள்ள வண்டியில் சின்ன ரிம் காலிபரில் (டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பாகம்) உரசும், சிலவற்றில் மாட்டவே மாட்டாது. லோடுடன் இறங்கும்போது பிரேக் சூடு ஆற வழி வேண்டும். அதனால் போல்ட் துளை பொருந்துகிறதா என்று மட்டும் பார்த்து ரிம் வாங்காதீர்கள்.

சரி, முறையாகச் செய்வது எப்படி? ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் டயர் அளவு, காற்றழுத்தம் எழுதிய ஸ்டிக்கர் இருக்கும். வண்டிக் கையேட்டையும் பாருங்கள். அதே மாடலின் கீழ் ரகத்துக்குத் தயாரிப்பாளரே சின்ன வீல் கொடுத்திருந்தால் வேலை சுலபம். அந்த அளவு உங்கள் ரகத்துக்கும் பொருந்தும் என்று டீலரிடம் எழுத்தில் வாங்கிக்கொண்டு, மாற்றுவதற்கு முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். ஒப்புதல் இல்லாமல் செய்த மாற்றத்தை 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்றும் பிரிவு 52-ல் இருக்கிறது. அது தெரிவிக்கும் கடமை, மன்னிப்புச் சீட்டு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். சொந்த உபயோக வண்டிக்குப் பிரிவு 58-ன் இந்தப் பதிவு கிடையாது. இருந்தாலும் கையேட்டில் உள்ள அளவைத் தாண்டாமல் இருப்பதே என் யோசனை.

அனுமதியில்லாத மாற்றத்துக்குப் பிரிவு 182ஏ-யின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்டும் நாளில் மட்டும் பழைய டயரை மாட்டிக்கொண்டு போகிறவர்களும் உண்டு. சரக்கு வண்டிக்கு எட்டு வயது வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறைதான் எஃப்.சி. என்பதால் வந்த தைரியம் அது. பிரேக் இன்ஸ்பெக்டர் (மோட்டார் வாகன ஆய்வாளர்) சாலையில் நிறுத்தினாலோ விபத்து நடந்து இன்சூரன்ஸ் சர்வேயர் வந்தாலோ வண்டியில் எந்த டயர் இருக்கிறதோ அதுதான் கணக்கு.

மாற்றுவது என்று முடிவானால் நான்கு வாங்காதீர்கள், ஐந்து வாங்குங்கள். பழைய 18 அங்குல ஸ்டெப்னியைப் பின்னால் ஒரு பக்கம் மட்டும் மாட்டினால் இரண்டு பக்கமும் வேறு வேறு வேகத்தில் சுற்றி, பின் அச்சின் நடுவே உள்ள டிஃபரென்ஷியல் சூடேறும். பஞ்சர் பார்க்கக் கடை இல்லாத வளைவில் நிற்கும்போது அந்த ஐந்தாவது வீலின் விலை பெரிதாகத் தெரியாது.