ஒரு ரொனால்டோ ஜெர்சியில் கிளப்புக்கு எவ்வளவு?

2018 ஜூலையில் கிறிஸ்டியானோ ரொனால்டோவை ரியல் மாட்ரிட்டிடமிருந்து இத்தாலியின் யுவென்டஸ் கால்பந்து கிளப் 10 கோடி யூரோவுக்கு வாங்கியது. சில நாட்களிலேயே ஒரு செய்தி உலகம் முழுக்கச் சுற்றியது: ஒரே நாளில் 5,20,000 ஜெர்சிகள் விற்றுவிட்டன, போட்ட பணத்தில் பாதி திரும்பிவிட்டது என்று. பெரிய வீரர் யார் கிளப் மாறினாலும் இன்றும் இதே கணக்குதான் காதில் விழுகிறது. அந்த எண்ணிக்கையை அப்படியே ஏற்றுக்கொண்டாலும் கணக்கு தப்பு.

ஒரு ஜெர்சியின் விலை 100 யூரோ என்று வைத்துக்கொள்வோம். இத்தாலியில் மதிப்புக்கூட்டு வரி 22 சதவீதம். விலைக்குள்ளேயே அடங்கியிருக்கும் அந்த வரியைக் கழித்தால் 82 யூரோ. கடை வாடகை, ஆள் சம்பளம், லாபம் என்று ஏறக்குறைய பாதி கடைக்காரருக்குப் போய்விடும். மிச்சம் 40 சொச்சம் யூரோதான் ஜெர்சியைத் தயாரிக்கும் அடிடாஸ் கடைக்காரருக்கு விற்கும் மொத்த விற்பனை விலை. துணி, தையல், கப்பல் கூலி, விளம்பரம் எல்லாம் அதிலிருந்துதான். கிளப்புக்கு ராயல்டியாக, அதாவது தன் பெயரையும் சின்னத்தையும் பயன்படுத்த விடுவதற்கான பங்காக, வழக்கமாகக் கிடைப்பது அந்த மொத்த விற்பனை விலையில் 10 முதல் 15 சதவீதம். அதாவது 4 முதல் 6 யூரோ.

5 யூரோ என்றே எடுத்துக்கொள்ளுங்கள். 5,20,000 ஜெர்சிக்கு 26 லட்சம் யூரோ. 10 கோடியை எடுக்க 2 கோடி ஜெர்சி விற்க வேண்டும்! உலகின் மிகப் பெரிய கிளப்புகளே ஆண்டுக்குச் சில பத்து லட்சங்களைத்தான் விற்கின்றன. கிளப் தன் சொந்தக் கடையில் விற்றால் கடைக்காரரின் பங்கும் சேரும், உண்மைதான். ஆனால் ரொனால்டோ பெயர் போட்டதை வாங்கியவர்களில் பலர், அவர் வராமல் இருந்திருந்தால் அதே அணியின் இன்னொரு நட்சத்திரமான டிபாலா பெயர் போட்டதை வாங்கியிருப்பார்கள். அதைப் புது வருமானம் என்று சொல்ல முடியாது.

அப்படியானால் நட்சத்திர வீரரால் பணமே வராதா? வரும். ஆனால் கடைக் கல்லாவில் தேடினால் கிடைக்காது, ஒப்பந்தத்தில் தேட வேண்டும். என்னைப் பொறுத்தவரை இந்தக் கதையில் மிகச் சுவையான இடம் இதுதான். ஜெர்சி தயாரிக்கும் உரிமைக்காக அடிடாஸ் விற்பனை எப்படி இருந்தாலும் ஆண்டுதோறும் ஒரு நிலையான தொகையைத் தருகிறது. ராயல்டி, குறிப்பிட்ட விற்பனை அளவைத் தாண்டிய பிறகுதான். ரொனால்டோ வரும்போது யுவென்டஸுக்கு அந்தத் தொகை ஆண்டுக்கு 2.3 கோடி யூரோ போல இருந்தது. அவர் வந்த ஐந்தே மாதத்தில், டிசம்பரில், புது ஒப்பந்தம் போட்டார்கள்: 2019-20 முதல் ஆண்டுக்கு 5.1 கோடி.

ஆண்டுக்குக் கூடுதலாகக் கிடைத்தது ஏறக்குறைய 2.8 கோடி. இப்போது செலவைப் பாருங்கள். 10 கோடியோடு 1.2 கோடி துணைச் செலவு. கணக்குப் புத்தகத்தில் அது நான்கு ஆண்டு ஒப்பந்தத்துக்குச் சமமாகப் பிரித்து எழுதப்படும். ஆண்டுக்கு அதுவும் 2.8 கோடி! முழுப் பெருமையையும் ரொனால்டோவுக்குத் தர முடியாது; அதற்கு முன்பே யுவென்டஸ் தொடர்ந்து ஏழு முறை இத்தாலிய லீக்கை வென்றிருந்தது. சம்பளம் வேறு இருக்கிறது: வரி போக ஆண்டுக்கு 3 கோடி யூரோ என்று பத்திரிகைகள் எழுதின. ஐரோப்பாவின் முதன்மையான கிளப் போட்டியான சாம்பியன்ஸ் லீக்கில் அவரோடு ஆடிய மூன்று ஆண்டுகளும் காலிறுதியைத் தாண்டவில்லை, அதனால் பெரிய பரிசுப் பணமும் வரவில்லை.

2021 ஆகஸ்டில் அவரை மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு விற்றபோது கிடைத்தது 1.5 கோடி யூரோ. 2018இல் போட்ட அந்த அடிடாஸ் ஒப்பந்தமோ 2027 வரைக்கானது.