லினக்ஸில் விண்டோஸ் கேம்: எது ஓடும், எது ஓடாது, ஏன்?

விண்டோஸ் கேமின் ஈஎக்ஸ்ஈ கோப்புக்குள் இருப்பவை பெரும்பாலும் பிராசஸருக்கான கட்டளைகள். இன்டெல், ஏஎம்டி சிப்புகளுக்கு இயங்குதளம் எதுவென்ற கவலை இல்லை. லினக்ஸிலும் அதே கட்டளைகளை அப்படியே நிறைவேற்றும். "இந்தக் கோப்பைத் திற", "இவ்வளவு மெமரி கொடு" என்று கேம் இயங்குதளத்தைக் கூப்பிடும்போதுதான் சிக்கல். அந்தக் குரலுக்குப் பதில் சொல்ல லினக்ஸில் ஆள் கிடையாது.

அந்த ஆளாக நிற்பது வைன். 1993-இல் தொடங்கிய இந்தத் திட்டம், விண்டோஸின் டிஎல்எல் கோப்புகள் (புரோகிராம்கள் பொதுவாகப் பயன்படுத்தும் நூலகங்கள்) செய்யும் வேலையைப் புதிதாக எழுதிவைத்திருக்கிறது. அதோடு வேறு பல பகுதிகளைச் சேர்த்து, 2018 ஆகஸ்டில் வால்வ் நிறுவனம் தன் கேம் கடையான ஸ்டீமுக்குள் வைத்ததுதான் புரோட்டான்.

படம் வரைவது தனிக் கதை. விண்டோஸ் கேம்கள் படம் வரையப் பயன்படுத்துவது டைரக்ட்3டி. அதன் 8 முதல் 11 வரையிலான பதிப்புகளின் அழைப்புகளை டிஎக்ஸ்விகேவும், 12-ஐ விகேடி3டி-புரோட்டானும், லினக்ஸிலும் இயங்கும் வரைகலை முறையான வல்கனுக்கு மாற்றுகின்றன. ஷேடர்களை (ஒளி, நிறம் போன்றவற்றைக் கணக்கிடும் சிறு நிரல்கள்) முதலில் வல்கனுக்குப் புரியும் வடிவத்துக்கு மாற்ற வேண்டும். பிறகு கிராஃபிக்ஸ் டிரைவர் அவற்றைத் தன் கார்டுக்கேற்ப கம்பைல் செய்யும். விளையாட்டின் நடுவே இது நடந்தால் காட்சி திக்கும். கேம் தொடங்குமுன் ஸ்டீம் ஷேடர்களைத் தயார் செய்வது அதற்காகத்தான். அவசரப்பட்டு 'ஸ்கிப்' அழுத்த வேண்டாம். ஒரு கேம் திறக்கவே இல்லையென்றால் அதன் பெயரில் ரைட் கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸ், கம்பாட்டிபிலிட்டி என்று போய் வேறு புரோட்டான் பதிப்பைத் தேர்ந்து பாருங்கள். பாதிச் சிக்கல் அங்கேயே தீர்ந்துவிடும்.

இரண்டு இயங்குதளங்களையும் வைத்திருப்பவர்கள் விழும் குழி வேறு. விண்டோஸின் டி டிரைவில் இருக்கும் கேம்களையே லினக்ஸிலும் ஓட்டப் பார்ப்பார்கள். புரோட்டான் ஒவ்வொரு கேமுக்கும் 'கம்பாட்டேட்டா' கோப்புறையில் ஒரு பொய் சி டிரைவை உருவாக்கும். அதில் முக்காற்புள்ளியோடு 'சி:' என்றே ஓர் இணைப்பும் இருக்கும். கோப்புப் பெயரில் முக்காற்புள்ளியை விண்டோஸ் ஏற்காது. விண்டோஸ் பயன்படுத்தும் என்டிஎஃப்எஸ் வடிவப் பார்ட்டிஷனில் அது கோளாறில் போய் முடியும். கேம்களுக்கென்று லினக்ஸின் ஈஎக்ஸ்டி4 வடிவத்தில் ஒரு பார்ட்டிஷன் ஒதுக்கிவிடுங்கள். விண்டோஸை முழுதாக அணைக்காமல் வைக்கும் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்'பையும் அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் விண்டோஸ் டிரைவை லினக்ஸில் படிக்க முடிந்தாலும் எழுத முடியாமல் போகலாம்.

ஏஎம்டி கார்டுக்கான டிரைவர் லினக்ஸோடே வருகிறது. என்விடியாவுக்குத் தனியாக நிறுவ வேண்டும். கையொப்பமிட்ட மென்பொருளை மட்டும் அனுமதிக்கும் செக்யூர் பூட் இயங்கினால், கையொப்பமில்லாத டிரைவரை இயங்குதளத்தின் மையமான கெர்னல் ஏற்காது. உபுண்டு லினக்ஸில் நிறுவியபின், அடுத்த பூட்டில் நீலத்திரை ஒன்று வரும். அதில் 'என்ரோல் எம்ஓகே'வைத் தேர்ந்து, நிறுவும்போது கொடுத்த கடவுச்சொல்லைத் தர வேண்டும். பலர் பழக்கதோஷத்தில் 'கன்டினியூ பூட்' அழுத்திவிட்டு, டிரைவரைக் குறை சொல்வார்கள்.

எந்த செட்டிங்கும் உதவாத இடம், ஆன்லைன் கேம்களில் மோசடி செய்வோரைப் பிடிக்கும் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள். வேலோரண்ட் கேமின் தடுப்பான வான்கார்டு, விண்டோஸ் கெர்னலுக்குள்ளேயே உட்காரும் டிரைவர். வைனிடம் அந்தக் கெர்னல் இல்லை. ஈஸி ஆன்டி-சீட், பேட்டில்ஐ என்ற வேறு தடுப்புகள் இரண்டும் புரோட்டானில் இயங்கக்கூடியவை. ஆனால் கேம் நிறுவனம் அனுமதிக்க வேண்டும். அனுமதி நிரந்தரமுமல்ல: லினக்ஸில் ஓடிக்கொண்டிருந்த ஏபெக்ஸ் லெஜெண்ட்ஸை 2024-இல் ஈஏ நிறுவனம் தடுத்துவிட்டது. நண்பர்களோடு தினமும் ஆடும் கேம் இந்த வகையென்றால் விண்டோஸை அழிக்காதீர்கள்.

அப்படி இரண்டையும் வைத்துக்கொண்டால், விண்டோஸுக்குத் திரும்பும்போது கடிகாரம் ஐந்தரை மணிநேரம் பின்தங்கியிருக்கக்கூடும். மதர்போர்டு கடிகாரத்தில் லினக்ஸ் உலகப் பொதுநேரத்தை எழுதுகிறது. விண்டோஸோ அதை உள்ளூர் நேரமாகப் படிக்கிறது. பேட்டரியை மாற்ற ஓடாதீர்கள்.