கம்பைல் ஆனால் மட்டும் போதாது

இன்டெல் சர்வரில் பல வருடமாக ஓடிக்கொண்டிருக்கும் சி மொழி புரோகிராம்களை ஏஆர்எம் என்ற வேறு வகை சிப் உள்ள சர்வருக்கு மாற்றும் வேலை இப்போது நிறைய வருகிறது. 2018இல் அமேசான் தன் ஏஆர்எம் வகை கிராவிட்டான் சிப்பைக் கொண்டுவந்தது முதல், வாடகைச் செலவு குறையும் என்று பல நிறுவனங்கள் இந்தப் பக்கம் திரும்பியிருக்கின்றன. "சி எந்த மெஷினிலும் ஓடும், திரும்ப கம்பைல் பண்ணினால் (மெஷின் மொழிக்கு மாற்றினால்) போதும்" என்ற நம்பிக்கையோடுதான் பெரும்பாலானோர் தொடங்குகிறார்கள்.

அந்த நம்பிக்கை சும்மா வந்ததல்ல. 1960 டிசம்பரிலேயே கோபால் (COBOL) மொழியில் எழுதிய ஒரே புரோகிராமை ஆர்சிஏ 501, யூனிவாக் 2 என்ற இரு வேறு கம்ப்யூட்டர்களில் ஓட்டிக் காட்டினார்கள். பிடிபி-11 என்ற கம்ப்யூட்டரில் வளர்ந்த யூனிக்ஸ் ஓஎஸ், சி-யில் எழுதப்பட்டிருந்ததால்தான் 1970களின் இறுதியில் இன்டர்டேட்டா 8/32 என்ற வேறு கம்ப்யூட்டருக்குப் போக முடிந்தது. ஆனால் சி சில முடிவுகளை கம்பைலரிடமே விட்டுவிட்டது. அதில் நான் அதிகம் பார்ப்பது 'சார்' என்ற டைப்பின் சிக்கல்.

சார் என்பது ஒரு பைட். அதில் மைனஸ் எண் வருமா வராதா என்பதை சி சொல்வதில்லை. பிடிபி-11 ஒரு பைட்டை ரெஜிஸ்டருக்கு (சிப்புக்குள் கணக்குப் போடும் இடத்துக்கு) எடுக்கும்போது பிளஸ்/மைனஸ் குறியையும் சேர்த்தே நீட்டும். அதனால் அங்கே மைனஸ் வரும். இன்டெல் லினக்ஸிலும் அப்படித்தான். ஆரம்பகால ஏஆர்எம் சிப்களில் குறியோடு பைட்டை எடுக்கும் கட்டளையே கிடையாது. அதனால் ஏஆர்எம் லினக்ஸில் சார் 0 முதல் 255 வரைதான்.

ஆங்கில எழுத்துகளின் எண்கள் 127ஐத் தாண்டாததால் டெஸ்டிங்கில் இது வெளியே தெரியாது. தமிழ் டெக்ஸ்ட் கொடுத்துப் பாருங்கள். 'த' என்ற எழுத்து, எழுத்துகளை பைட்டுகளாக மாற்றும் என்கோடிங் முறையான யூடிஎஃப்-8இல் 224, 174, 164 என மூன்று பைட். முதல் பைட்டை இன்டெல் -32 என்று படிக்கும், ஏஆர்எம் லினக்ஸ் 224 என்று படிக்கும். "பூஜ்யத்துக்குக் கீழே இருந்தால் ஆங்கிலம் அல்ல" என்று யாராவது கண்டிஷன் எழுதியிருந்தால், புது சர்வரில் அது ஒருபோதும் உண்மையாகாது. எரர் வராது, புரோகிராம் நிற்காது, விடை மட்டும் தப்பாக வரும்.

ஃபைல் படிக்கும் லூப்பிலும் இதே கதை. ஃபைல் முடிந்ததும் கிடைக்கும் -1ஐ சாரில் வாங்கினால், ஏஆர்எம் லினக்ஸில் அது 255 ஆகிவிடும். லூப் முடியவே முடியாது. இன்டெல்லில் தப்பு எதிர்ப்பக்கம்: ஜேபெக் படத்தின் முதல் பைட்டே 255 என்பதால், ஒரு பைட்டிலேயே ஃபைல் முடிந்துவிட்டதாக நினைத்து லூப் நின்றுவிடும். ஆக, பழைய சர்வரிலும் அந்த கோட் சரியாக இருந்ததில்லை.

ஆப்பிளின் எம்1 சிப் உள்ள மேக் வைத்திருப்பவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். அதுவும் ஏஆர்எம்தான், ஆனால் ஆப்பிள் அங்கே சாருக்கு மைனஸ் எண்ணை அனுமதித்திருக்கிறது. மேக்கில் டெஸ்ட் பாஸ் ஆனதை வைத்து ஏஆர்எம் லினக்ஸில் டிப்ளாய் செய்யாதீர்கள்.

ஜாவா 1995இலேயே டைப்களின் அளவையும் குறியையும் நிர்ணயித்துவிட்டதால் இந்தத் தொல்லை அங்கே இல்லை. ஆனால் ஃபைலின் என்கோடிங்கை அதுவும் ஓஎஸ்ஸிடம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. யூடிஎஃப்-8 எல்லா ஓஎஸ்ஸிலும் இயல்பானது 2022இல், ஜாவா 18இல்தான்.

சி-யில் செய்ய வேண்டியது: -1ஐ எதிர்பார்க்கும் இடத்தில் இன்ட் (முழு எண்) டைப்பில் வாங்குங்கள், பைட்டாகக் கையாளும் இடத்தில் அன்சைன்ட் சார் (மைனஸ் இல்லாத சார்) என்றே எழுதுங்கள். அவசரத்துக்கு ஜிசிசி கம்பைலரில் சாரின் குறியை நாமே தீர்மானிக்க ஆப்ஷன் உண்டு. அதை வைத்து சர்வரை மாற்றிவிட்டு, பிறகு கோடைத் திருத்தலாம். டெஸ்ட் டேட்டாவில் தமிழ்ப் பெயர்களையும் ஒரு ஜேபெக் ஃபைலையும் சேர்த்து, இரண்டு வகை சர்வரிலும் ஓட்டி, விடைகளை ஒப்பிட்டுப் பாருங்கள்.