கீசரின் வால்வு சொட்டினால் அதை அடைக்காதீர்கள்

போன மாதம் ஒரு வீட்டுக்குப் போனேன். வெந்நீர் சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது, உள்ளே கடகடவென்று சத்தம் வேறு வருகிறது என்று கூப்பிட்டிருந்தார்கள். மூடியைக் கழற்றும் முன் வழக்கம்போல அடிப்பக்கம் எட்டிப் பார்த்தேன். சேஃப்டி வால்வின் வாயில் டெஃப்லான் டேப் சுற்றி, எண்ட் கேப் போட்டு, ஸ்பேனர் வைத்து இறுக்கி முடுக்கியிருந்தது. "நான்தான் சார் போட்டேன். எப்பப் பார்த்தாலும் சொட்டிக்கிட்டே இருந்துச்சு, தரையெல்லாம் வழுக்குது, சின்னப் பசங்க இருக்காங்க" என்றார் வீட்டுக்காரர். அவர் கவலை நியாயமானதுதான். ஆனால் அந்தச் சொட்டுக்குப் பயந்து அவர் குளியலறையில் மாட்டி வைத்திருந்தது கிட்டத்தட்ட ஒரு வெடிகுண்டு.

அந்தச் சொட்டு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் யாரும் அதை அடைக்க மாட்டார்கள். தண்ணீர் சூடானால் விரியும். 20 டிகிரியிலிருந்து 60 டிகிரி செல்சியஸுக்குப் போகும்போது அதன் கனஅளவு ஏறக்குறைய 1.5 சதவீதம் கூடுகிறது. 25 லிட்டர் தொட்டி என்றால் 375 மில்லிக்கும் சற்று அதிகம். அது எங்கே போகும்? மேல்தொட்டியிலிருந்து நேராக இறங்கும் லைனில், நடுவே எதுவும் தடுக்காமல் இருந்தால், வந்த வழியே திரும்பிப் போய்விடும், உங்களுக்குத் தெரியவே தெரியாது. குளிர்நீர் வரும் வழியில், தண்ணீரை ஒரே திசையில் மட்டும் விடும் நான்-ரிட்டர்ன் வால்வு இருந்தாலோ அதற்கு வழியில்லை. காற்றைப் போல அமுக்கி வைக்க முடியாத பொருள் தண்ணீர், அதனால் அழுத்தம் மளமளவென ஏறும். அப்போது சேஃப்டி வால்வு லேசாகத் திறந்து கொஞ்சம் துப்பிவிட்டு மூடிக்கொள்ளும். ஆக, சூடாகும் நேரத்தில் மட்டும் சொட்டி, சூடேறி முடிந்ததும் நின்றுவிட்டால் வால்வு தன் வேலையைச் செய்கிறது என்றுதான் அர்த்தம். கீசர் அணைந்திருக்கும்போதும் நாள் முழுக்க ஒழுகினால் மட்டுமே அது கோளாறு: ஒன்று, வால்வு மூடி உட்காரும் இடத்தில் மணலோ உப்போ மாட்டியிருக்கும், இல்லை பம்பு கொடுக்கும் அழுத்தம் அதிகமாக இருக்கும். முதலாவதற்கு வால்வைக் கழுவுவதோ மாற்றுவதோ போதும், இரண்டாவதற்கு லைனில் அழுத்தம் குறைக்கும் வால்வு போட வேண்டும். இரண்டுக்குமே எண்ட் கேப் மருந்தல்ல.

அடைத்துவிட்டால் என்ன ஆகும்? குறித்த சூடு வந்ததும் மின்சாரத்தை நிறுத்தும் தெர்மோஸ்டாட் சரியாக வேலை செய்யும் வரை, அழுத்தம் ஏறினாலும் வெளியே ஒன்றும் தெரியாது, அதனால்தான் அடைத்தவர்கள் நிம்மதியாக இருக்கிறார்கள். ஆனால் தெர்மோஸ்டாட்டின் கான்டாக்ட் ஒட்டிக்கொள்வது அபூர்வமான விஷயமில்லை. ஒட்டிக்கொண்டால் மின்சாரம் நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும். அதற்காகத்தான் இரண்டாவது காவலாக, சூடு எல்லை மீறினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் தெர்மல் கட்அவுட். அதுவும் அடிக்கடி டிரிப் ஆகிறது என்று சொல்லி, அதைத் தாண்டி ஒயரை நேராகக் கொடுத்துவிட்ட புண்ணியவான்களையும் பார்த்திருக்கிறேன். அப்புறம் மிச்சம் இருக்கும் ஒரே காவல் அந்த வால்வு. வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல் 8 பார் (ஒரு பார் என்பது ஏறக்குறைய வெளிக்காற்றின் அழுத்தம்) ஏறிய தொட்டிக்குள் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காது, 175 டிகிரி வரை திரவமாகவே இருக்கும். தொட்டி எங்காவது விரிசல் விட்ட நொடியில் அழுத்தம் விழும், அந்தத் தண்ணீரில் ஒரு பங்கு சட்டென்று ஆவியாகும். ஆவியாக மாறும் தண்ணீர் 1,600 மடங்குக்கு மேல் இடம் கேட்கும். சுவர் தாங்காது.

சரி, அந்த வீட்டுக் கீசருக்கு வருவோம். மெயினை அணைத்து, தண்ணீரை ஆறவிட்டு, வடித்துத் திறந்தால் அடியில் வெள்ளைச் சில்லுகள் கை கையாக வந்தன. கடினநீரில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட், சூடு பட்டதும் கரியமில வாயுவை விட்டுவிட்டு சுண்ணாம்புப் படிவாக மாறி, எங்கே சூடு அதிகமோ அங்கேயே, அதாவது தண்ணீரைச் சூடேற்றும் மின்கம்பியான காயிலின் மேலேயே போய் ஒட்டும். சர்க்கரை சூட்டில் நன்றாகக் கரையும், இது நேர்மாறு. கடகட சத்தமும் இதனால்தான்: படிவுக்கு அடியில் சிக்கிய தண்ணீர் கொதித்துக் குமிழ் விடுகிறது.

உப்புப் பிடித்தால் தண்ணீர் சூடாக நேரமாகும் என்று பலர் சொல்வார்கள். மின்சாரக் கீசரைப் பொறுத்தவரை நான் அதை அவ்வளவாக ஒத்துக்கொள்வதில்லை. காயில் தண்ணீருக்குள்ளேயே இருக்கிறது, இழுக்கும் கரண்ட் ஏறக்குறைய அதேதான், அந்தச் சூடு வேறெங்கும் போக முடியாது. 25 லிட்டரை 25 டிகிரியிலிருந்து 60க்கு ஏற்ற ஏறக்குறைய 1 யூனிட் மின்சாரம் வேண்டும், 2 கிலோவாட் காயில் என்றால் அரை மணி நேரம். அதைவிட ரொம்ப நேரம் எடுத்தால் முதலில் வோல்டேஜைப் பாருங்கள். வோல்டேஜ் 10 சதவீதம் குறைந்தால் சூடு 19 சதவீதம் குறையும். படிவு செய்யும் கெடுதல் வேறு மாதிரி. சூட்டைத் தண்ணீருக்கு விடாமல் பிடித்து வைப்பதால் காயில் தனக்குள்ளேயே வெந்து கருகும். தெர்மோஸ்டாட்டின் குழலையும் அது மூடிக்கொண்டால், தொட்டி முழுக்கச் சூடாகும் முன்பே போதும் என்று நிறுத்திவிடும். வெந்நீர் சீக்கிரம் தீர்ந்த கதை அதுதான்.

ஆனோடு ராடைப் பார்த்தேன். விரல் தடிமனில் இருக்க வேண்டியது நடுக்கம்பி மட்டும் மிஞ்சிக் கிடந்தது. உள்ளே கண்ணாடிப் பூச்சு பூசிய இரும்புத் தொட்டியில், பூச்சில் இருக்கும் நுண்ணிய ஓட்டைகள் வழியாகத் துரு ஏறாமல் இருக்க, அந்த மக்னீசியக் கம்பி இரும்புக்குப் பதிலாகத் தான் கரைந்து போகிறது. அது தீர்ந்ததும் அடுத்து அரிபடுவது தொட்டிதான். வருடத்துக்கு ஒருமுறை திறந்து பாருங்கள். கடினநீரை மென்னீராக்கும் சாஃப்ட்னர் மாட்டியவர்கள் இன்னும் சீக்கிரம் பார்க்க வேண்டும், அந்தத் தண்ணீரில் ராடு வேகமாகக் கரையும். வெந்நீரில் மட்டும் அழுகின முட்டை நாற்றம் வருகிறதென்றால், தண்ணீரில் உள்ள சல்பேட்டை ஒருவகை பாக்டீரியா ஹைட்ரஜன் சல்பைடாக மாற்றுகிறது, மக்னீசியம் அதற்கு உதவுகிறது. அலுமினியம்-துத்தநாக ராடுக்கு மாற்றினால் பெரும்பாலும் போய்விடும்.

மின்செலவை மிச்சம் பிடிக்க தெர்மோஸ்டாட்டை 40 டிகிரியில் வைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 20 முதல் 45 டிகிரி வரை லெஜியோனெல்லா பாக்டீரியாவுக்கு ரொம்பப் பிடித்த சூடு. 1976இல் ஃபிலடெல்ஃபியாவில் ஒரு மாநாட்டுக்கு வந்தவர்களை நிமோனியா தாக்கியபோதுதான் இந்தக் கிருமி வெளிச்சத்துக்கு வந்தது. குடிப்பதால் அல்ல, ஷவரின் நுண்திவலைகளை மூச்சில் இழுப்பதால்தான் முக்கியமாகத் தொற்றும். தொட்டிக்குள் 60 டிகிரி இருக்கட்டும். ஆனால் 60 டிகிரி நீர் சில நொடிகளிலேயே தோலைப் பொசுக்கிவிடும், அதனால் குழந்தைகளும் முதியவர்களும் இருக்கும் வீட்டில் குழாய்க்கு முன் கலவை வால்வு ஒன்று போட்டு வெப்பத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். நாள்கணக்கில் வெளியூர் போய் வந்தால் முதலில் முழுக்கச் சூடேற்றி, ஷவரில் அல்லாமல் கீழ்க்குழாயில், ஜன்னலைத் திறந்து வைத்துக் கொஞ்சநேரம் ஓடவிடுங்கள்.

கடைசியாக வால்வு. லீவரைத் தூக்கினால் தண்ணீர் பாய வேண்டும், விட்டால் நிற்க வேண்டும், கையையும் முகத்தையும் தள்ளி வைத்துக்கொண்டு சில மாதங்களுக்கு ஒருமுறை செய்து பாருங்கள். பல வருடம் தொடாத வால்வு தூக்கியபின் மூடாமல் போகலாம், கையில் புதிதாக ஒன்று வைத்துக்கொண்டு தூக்குவது நல்லது. அந்த வீட்டில் புது வால்வு போட்டு, அதன் வாயிலிருந்து ஒரு குழாயைக் கீழ்நோக்கியே இறக்கி, நடுவில் திறந்து மூடும் திருகு எதுவும் இல்லாமல், தரை வடிகாலுக்குச் சற்று மேலே வாய் திறந்திருக்கும்படி விட்டேன். அரை மணி நேர வேலை. தரை வழுக்குவது நின்றது, அந்த எண்ட் கேப்பை நானே பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.